யூசியில் நேரடியாகச் சேர்வதா, கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போவதா?

மார்ச் முடிவதற்குள், யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் யாருக்கு இடம் என்று சொல்லிவிடும். எங்கே சேரப்போகிறோம் என்று மே 1-க்குள் நாம் பதில் சொல்ல வேண்டும். இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் இங்குள்ள தமிழ் வீடுகளில் என்ன பேச்சு ஓடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆசைப்பட்ட வளாகம் கிடைக்கவில்லை. கிடைத்த வளாகத்தில் கேட்ட பாடம் இல்லை. இல்லையென்றால் இரண்டும் கிடைத்து, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டுகிறது. அப்போது யாராவது ஒருவர், "பேசாம டி ஆன்சாவுல ரெண்டு வருஷம் படிச்சிட்டு அப்புறம் மாறிக்கலாமே" என்பார். டி ஆன்சா இங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி. பெரும்பாலும் அந்தப் பேச்சை அதற்கு மேல் யாரும் வளர்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை யூசியின் பெர்க்லி வளாகத்துக்குப் போகும்போது நம் பிள்ளை பஸ் பிடித்து உள்ளூர்க் கல்லூரிக்குப் போவதா என்ற தயக்கம்தான் காரணம்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லை. அதே சமயம், இரண்டு வருஷம் மலிவாகப் படித்துவிட்டு எந்தப் பெரிய வளாகத்துக்கும் சுலபமாகப் போய்விடலாம் என்று நம்பி இறங்குவதும் சரியில்லை. இந்த முடிவைப் பணத்தை வைத்து எடுக்காதீர்கள், பிள்ளை எடுக்கப்போகும் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, வைத்து எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கம்யூனிட்டி காலேஜ் வழி என்பது பின்வாசல் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 1960-இல் கலிபோர்னியா உயர்கல்விக்கென்று ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. அப்போது யூசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். ஹை ஸ்கூல் முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), படிக்க விரும்பும் எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்று மூன்று அடுக்குகள். அடியிலிருந்து மேலே ஏறிச் செல்லும் வழியும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. மூன்றாம் ஆண்டில் மாறி வருபவர்களுக்கு யூசி இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. யூசிக்கு மாறி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இவற்றிலிருந்துதான் வருகிறார்கள். முடிவில் கையில் வாங்கும் பட்டம் யூசி பட்டம், அதில் வேறு பெயர் எதுவும் இருக்காது.

சரி, பணம். கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் 2012 முதல் செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். யூசிக்கு மாற 60 யூனிட் வேண்டும், ஆக 2,760 டாலர். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் கல்லூரிகளில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) யூனிட்டுக்கு 31 டாலர், 90 யூனிட். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே தொகைதான். முதன்முறையாக, முழுநேரமாகச் சேரும் மாணவருக்கு கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் திட்டத்தில் பல கல்லூரிகள் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கட்டணத்தையும் வாங்குவதில்லை. யூசியிலோ கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலர் அளவில் இருக்கிறது. தங்கும் செலவு அதைவிட அதிகம். வீட்டிலிருந்து கம்யூனிட்டி காலேஜ் போய்வரும் பிள்ளைக்கும் யூசி டார்மில் (வளாக விடுதியில்) இருக்கும் பிள்ளைக்கும் இரண்டு ஆண்டுகளில் அறுபது எழுபதாயிரம் டாலர் வித்தியாசம் வருவது சாதாரணம்.

ஆனால் இந்த வித்தியாசம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆண்டு வருமானம் யூசி அறிவிக்கும் வரம்புக்குக் கீழே இருந்து (பல ஆண்டுகளாக அது 80,000 டாலராக இருந்தது), உதவித்தொகைக்கான மற்ற தகுதிகளும் இருந்தால், ப்ளூ அண்ட் கோல்ட் திட்டத்தில் யூசியின் கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையாலேயே ஈடுகட்டப்படும். அப்படிப்பட்ட குடும்பம் பணத்துக்குப் பயந்து யூசி இடத்தை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வளாகமும் அனுப்பும் உதவித்தொகைக் கடிதத்தைப் படித்துப் பார்த்து, கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்ட பிறகே பேச வேண்டும். இரண்டு பேர் சம்பாதித்து, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு, உதவி எதுவும் கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் கம்யூனிட்டி காலேஜ் உண்மையிலேயே பெரிய தொகையை மிச்சப்படுத்தும்.

இப்போது இடம் கிடைக்கும் வாய்ப்பு. யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் ஹை ஸ்கூலிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபர், அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும், விண்ணப்பதாரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. இதற்கு மேலாக டேக் என்ற இட உத்தரவாதம் ஒன்று இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களை முடித்து, குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியை எட்டியவர்களுக்கு இடத்தை உறுதி செய்கின்றன. சராசரி 4-க்கு ஏறக்குறைய 3 முதல் 3.4 வரை, வளாகத்துக்கு வளாகம் மாறும். ஏதாவது ஒரு வளாகத்துக்கு மட்டும்தான் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இதில் கிடையாது.

இந்த எண்களைப் பார்த்ததும் பலர் மயங்கிவிடுகிறார்கள். நான்கில் ஒருவர் என்பது எல்லாப் பாடங்களையும் சேர்த்த சராசரி. சமூகவியல், வரலாறு, ஆங்கிலம், அரசியல் அறிவியல் போன்றவற்றில் நிலைமை அதைவிட நன்றாக இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸிலும் இன்ஜினியரிங்கிலும் வெகுவாகக் குறைந்துவிடும். டேக் உத்தரவாதமும் எல்லா மேஜருக்கும் கிடையாது. சாண்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி அதை ஏற்பதே இல்லை. நம் வீடுகளில் பத்துப் பேரில் எத்தனை பேர் இந்த இரண்டு பாடங்களில் நிற்கிறார்கள் என்பதை யோசித்தால், நமக்குப் பொருந்தும் எண் எது என்பது புரியும்.

ஏன் இன்ஜினியரிங்கில் இவ்வளவு கஷ்டம்? இடம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பாடங்களின் வரிசை. குவார்ட்டர் கல்லூரியில் கால்குலஸ் மட்டும் நான்கு குவார்ட்டர் போகும். அதற்கு மேல் லீனியர் ஆல்ஜிப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். இயற்பியல் தொடரைத் தொடங்கவே கால்குலஸ் வேண்டும். புரோகிராமிங் பாடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஒரு கண்ணி விட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தள்ளிப்போகும். புதிதாகச் சேரும் மாணவருக்குப் பதிவு செய்யும் தேதி கடைசியில்தான் வரும், அதற்குள் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையனுக்கு முதல் பருவத்தில் கணித வகுப்பு கிடைக்காமல் போனது. அந்த ஒரு வகுப்பால் அவனுக்கு மூன்றாவது வருஷமும் அங்கேயே போயிற்று. ஓரியன்டேஷன் என்ற அறிமுக நிகழ்ச்சியையும், எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்ற கல்வித் திட்டத்தையும் முன்கூட்டியே முடித்துவைத்தால் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். இதைச் செய்ய வேண்டியது மே, ஜூன் மாதங்களில். ஆகஸ்ட் வரை காத்திருக்கக் கூடாது.

வளாகத்துக்கு வளாகம் கேட்கும் பாடப் பட்டியலும் வேறு. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த யூசி வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளம் மேஜர் வாரியாகக் காட்டுகிறது. ஐந்தாறு வளாகங்களுக்குப் பொருந்துகிற மாதிரி எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன் என்று கிளம்பினால் இரண்டு ஆண்டு போதாது. இரண்டு மூன்று வளாகங்களோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம், பெற்றோர் பலர் கவனிக்காதது. இரண்டு ஆண்டு இருக்கிறது, முதல் வருஷம் மெதுவாகப் பழகிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறார்கள். டேக் விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் செப்டம்பரிலேயே போக வேண்டும், அதற்குள் 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான யூசி விண்ணப்பத்துக்கும் நவம்பர் மாதக் கடைசியை ஒட்டிக் கெடு முடிகிறது. ஆக, விண்ணப்பத்தில் இருக்கப்போவது முதல் ஆண்டு மதிப்பெண்கள்தான். பழகிக்கொள்ளும் காலம் என்று ஒன்று இந்த வழியில் இல்லை.

இதே கண்டிப்பு சிலருக்கு நல்லதாகவும் முடிகிறது. டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் யூசி பார்ப்பது கல்லூரி மதிப்பெண்களைத்தான். பத்தாம் வகுப்பில் கெட்டுப்போன கெமிஸ்ட்ரி, பதினொன்றில் உடம்பு சரியில்லாமல் விட்டுப்போன பருவம் எதுவும் அங்கே எழாது. கணிதத்தில் கீழ்மட்ட வகுப்பில் தள்ளி ஒரு வருஷத்தை வீணாக்கும் பழைய வழக்கத்தையும் 2017-இல் வந்த ஏபி 705 சட்டம் பெருமளவு நிறுத்திவிட்டது. பதினெட்டு வயதில்தான் படிப்பில் மனம் வைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு புதுத் தொடக்கத்தைத் தருகிற வேறு அமைப்பு எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் அதிகம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுக்குப் பயந்து, அப்படிப்பட்ட பிள்ளையை வெளிமாநிலத்தில் யாரும் அறியாத தனியார் கல்லூரிக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கட்டி அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்க்லியின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்த பருவங்கள் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் முப்பது நாற்பது பேர். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் நேரில் நடத்துவார், பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கும், சந்தேகம் கேட்டால் உட்கார்ந்து சொல்லித்தருவார். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைப் பொறுத்தவரை கற்பித்தல் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குறைவது வேறு இடத்தில். மூன்றாம் ஆண்டில் யூசிக்குள் நுழையும் மாணவர், வந்து இறங்கிய அதே வாரங்களில் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நான்காண்டு மாணவர்கள் அதற்குள் ஆய்வகத்தில் வேலை செய்திருப்பார்கள், பேராசிரியர்களைத் தெரிந்துவைத்திருப்பார்கள், கிளப்புகளில் பொறுப்பில் இருப்பார்கள். மாறி வந்தவருக்கு இதற்கெல்லாம் இரண்டே ஆண்டு. மேல்படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும் நேரத்தில் இது நன்றாகவே உறைக்கும். யூசிஎல்ஏ புதிதாக வருபவர்களுக்கு நான்கு ஆண்டுத் தங்குமிடத்தை உறுதி செய்கிறது, மாறி வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு. நட்பும் அப்படித்தான். முதல் வருஷ டார்மில் அமையும் கூட்டத்துக்குள் மூன்றாம் வருஷத்தில் நுழைவது கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குக் கடினம்.

பாதியில் நின்றுபோகும் அபாயமும் இருக்கிறது. அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் தொடங்குபவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் இளநிலைப் பட்டம் வாங்குவது நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில். அவர்களில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள் எல்லாரும் அடக்கம். ஆகவே அந்த எண்ணை அப்படியே நம் பிள்ளையின் தலையில் வைக்க முடியாது. ஆனாலும் ஒன்றைக் காட்டுகிறது: யாரும் பிடித்து இழுத்துச் செல்லாத இடம் இது. டார்மில் இருக்கும் பிள்ளையைச் சுற்றி எல்லோரும் படிப்பதைப் பார்த்துத் தானும் படிக்கும். வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்தச் சூழலைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்கலாம். சாண்டா மோனிகா, டி ஆன்சா, டையப்லோ வேலி, இர்வைன் வேலி போன்ற இடங்களில் யூசிக்கு மாறுவதையே இலக்காகக் கொண்ட மாணவர் கூட்டம் பெரிது. யூசிஎல்ஏவுடன் டேப் என்ற ஏற்பாடு வைத்திருக்கும் கல்லூரிகளில் ஹானர்ஸ் என்ற உயர்நிலைப் பாடத் திட்டத்தை முடித்தால், அங்குள்ள கலை அறிவியல் கல்லூரியில் இடம் கேட்கும்போது விண்ணப்பத்துக்கு முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. வீட்டுக்கு ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியை எடுக்க வேண்டாம்.

நம்மவர்கள் கணக்கிலேயே எடுக்காத மூன்றாவது வழி கால் ஸ்டேட். 2025-26-இல் அங்கே ஆண்டுக் கல்விக் கட்டணம் 6,450 டாலர், அதோடு வளாகக் கட்டணம் கொஞ்சம். 2024 முதல் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றி வருகிறார்கள், அப்படியும் யூசியில் பாதிதான். கால் ஸ்டேட் வளாகமான சான் ஹோசே ஸ்டேட்டின் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களைச் சிலிக்கான் வேலி நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வேலைக்கு எடுத்து வருகின்றன. வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் அடுத்த தெருவில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அங்கே அதே மேஜரில் இடம் கையில் இருந்தால், அதை விட்டுவிட்டு பெர்க்லி டிரான்ஸ்ஃபர் கனவோடு கம்யூனிட்டி காலேஜுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து கால் ஸ்டேட்டுக்கு மாறுவதற்கும் உறுதியான வழி உண்டு. டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்) முடித்தால் அந்த அமைப்பில் இடம் நிச்சயம். ஆனால் எந்த வளாகம், எந்த மேஜர் என்பது நிச்சயமில்லை. போட்டி அதிகமுள்ள வளாகத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

முதலில் ஏதாவது ஒரு மேஜரில் யூசிக்குள் நுழைந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது. பெர்க்லி 2023 முதல் அந்த மேஜருக்குத் தொடக்கத்திலேயே நேரடி அனுமதி என்று மாற்றிவிட்டது. மற்ற வளாகங்களிலும் உள்ளே போய் மாறுவது லேசான காரியம் இல்லை. பிடிக்காத மேஜரில் நான்கு வருஷம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை எண்ணித்தான் இந்த இடத்தை ஏற்க வேண்டும்.

என்ன படிப்பது என்றே தெரியாத பிள்ளைக்கு? ஒரு வருஷம் வரை கம்யூனிட்டி காலேஜ் மிக நல்ல இடம். பொருளாதாரம் ஒன்று, உளவியல் ஒன்று, புரோகிராமிங் ஒன்று என்று எடுத்துப் பார்க்கலாம். மூன்றும் சேர்த்து ஐநூறு அறுநூறு டாலருக்குள் முடியும். பொருளாதாரமும் உளவியலும் பொதுப் பாடங்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். புரோகிராமிங் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது, மாற்றிக்கொள்ளும் யூனிட்டாகக் கணக்கில் சேரும். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவாக கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல் வந்திருப்பதால் இது முன்பைவிட எளிது. ஒரு வருஷம் தாண்டியும் தேடல் தொடர்ந்தால், அப்போது செலவாவது காலம்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். அவர்கள் கலிபோர்னியாவில் வசிப்பவருக்கான கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும், ஆனால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. 21 வயது முடிந்தால் அந்த விசா போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாக வேண்டும். எஃப்-1-இல் மாநிலவாசி கட்டணம் கிடைப்பது அரிது. யூசியில் வெளியாருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். டிரான்ஸ்ஃபர் வழியில் ஒரு வருஷம் நீண்டுபோனால், அந்த ஒரு வருஷம் முழுவதும் இந்தக் கட்டணத்தில் விழலாம். பிள்ளையின் பிறந்த தேதியைப் பாடத் திட்டத்தின் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். இறுதி முடிவுக்கு முன் மாநிலவாசித் தகுதியைத் தீர்மானிக்கும் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேராக எஃப்-1-இல் வரும் மாணவருக்கும் 46 டாலர் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குச் செமஸ்டர் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் ஆகும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஹை ஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடங்களை எடுக்கலாம். பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் யூனிட் கட்டணம் இல்லை, யூசிக்குப் புதிய மாணவராக விண்ணப்பிக்கும் உரிமையும் போகாது. யூசியில் சேர்ந்த பிறகும், வளாகத்தின் ஒப்புதலைப் பெற்று, கோடையில் பொதுப் பாடங்களை இங்கே 46 டாலர் கணக்கில் முடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இப்படிப் பாடங்களைச் சேர்த்து ஒரு பருவம் முன்கூட்டியே பட்டம் வாங்கினால் பத்துப் பதினைந்தாயிரம் டாலர் மிச்சமாகும்.

மே 1-க்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். அசிஸ்ட் தளத்தில் பிள்ளையின் மேஜரையும் இரண்டு மூன்று வளாகங்களையும் போட்டு, கேட்கும் பாடங்களைப் பருவம் பருவமாகத் தாளில் எழுதட்டும். ஹை ஸ்கூலில் எழுதும் கல்லூரி நிலை ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வில் கால்குலஸ் முடித்திருந்தால் அதற்கேற்ப மேலிருந்து தொடங்கலாம். அந்தப் பட்டியல் இரண்டு ஆண்டில் அடங்கி, எந்தப் பருவமும் மூச்சு முட்டாமல் இருந்தால், கம்யூனிட்டி காலேஜை தைரியமாக எடுங்கள். அடங்கவில்லை என்றால் கையில் இருக்கும் இடத்தை விடாதீர்கள். பட்டியலை எழுத வேண்டியது பிள்ளை, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டு வருஷமும் ஒவ்வொரு பருவத்திலும் கவுன்சலரிடம் நேரம் வாங்கிப் போய் உட்கார்ந்து பேச வேண்டியவர் அவர்தான்.